பழைய பட்டடையைச் செய்தவர் யார்? பெயர் சொல்லுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஞ்சிகாவத்தையிலோ புறக்கோட்டைப் பழைய இரும்புக் கடைகளிலோ காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் நல்லதொரு கொல்லர் பட்டடை கிடைத்துவிட்டால், வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பலர் முதலில் கையில் எடுப்பது கிரைண்டரைத்தான். தயவுசெய்து எடுக்காதீர்கள். பட்டடையின் பக்கவாட்டில் குத்தியிருக்கும் எழுத்துகள் பெரும்பாலும் ஆழமில்லாதவை. கொழும்பின் உப்புக் காற்றில் பல காலம் கிடந்து துருவேறியபின் எஞ்சியிருப்பது இன்னும் குறைவு. செய்தவரின் பெயரை அந்த டிஸ்க் ஒரு நிமிடத்தில் வழித்து எடுத்துவிடும். அதற்குப் பிறகு எந்த நிபுணரிடம் காட்டினாலும் பயனில்லை.

மேல்முகத்தை மினுக்குவது இன்னும் பெரிய சேதம். பழைய இங்கிலாந்துப் பட்டடைகளின் உடல் மென்மையான தேனிரும்பு. அதன் மேல் கடினமான உருக்குத் தகடு ஒன்றை உலையில் காய்ச்சி, அடித்து ஒட்டியிருப்பார்கள். அந்தத் தகடு தடிப்பானதல்ல. சமமாக்குகிறேன் என்று அதைச் சீவினால் பட்டடையின் உயிரே போய்விடும். தகடும் உடலும் சேரும் கோடு பக்கவாட்டில் தெரிந்தால் அதுவும் ஓர் அடையாளம், அதையும் சேர்த்து அழித்ததாகிவிடும்.

அப்படியானால் எப்படித் துப்புரவு செய்வது? மண்ணெண்ணெய் பூசி ஒரு நாள் ஊறவிட்டு, கையால் வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும். பெயின்ற் படலம் இருந்தால் காய்ந்தபடி சுரண்டித் தூள் கிளப்பாதீர்கள். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும். பெயின்ற் நீக்கும் திரவம் பூசி, ஈரமாகவே வழித்தெடுங்கள். பிறகு இருட்டியபின் ஒரு டோர்ச்சை எடுத்து, வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து சாய்வாக விழும்படி பிடியுங்கள். பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்தின் நிழல் விழும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பதும் நல்ல வழி. சோக்குக் கட்டியால் பள்ளங்களை நிரப்பி எழுத்தின் வடிவத்தையே வரைந்துவிடுவதை மட்டும் தவிருங்கள். நாம் எதிர்பார்க்கும் எழுத்தைத்தான் கை வரையும்.

அடுத்த தவறு எண்களில். இதில்தான் மிக அதிகமானோர் வழுக்குகிறார்கள். பக்கவாட்டில் 1·2·10 என்பதுபோல மூன்று எண்கள் இடைவெளி விட்டு இருக்கும். அதை ஆண்டு என்பார்கள், தொடர் இலக்கம் என்பார்கள், சிலர் 1210 என்று சேர்த்துப் படித்துவிட்டு ஏழெட்டு நூற்றாண்டுப் பழமை சொல்வார்கள். உண்மையில் அது நிறை. நம் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, அந்தர் கணக்கு அவர்களுக்குப் பழக்கம். முதல் எண் அந்தர், அதாவது 112 இறாத்தல். நடு எண் கால் அந்தர், 28 இறாத்தல். கடைசி எண் மீதி இறாத்தல். ஆக 1·2·10 என்றால் 112, 56, 10 கூட்டி 178 இறாத்தல், ஏறத்தாழ 81 கிலோ. நடு எண் 3ஐத் தாண்டாது, கடைசி எண் 27ஐத் தாண்டாது. தாண்டினால் எழுத்தைப் பிழையாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது அது இங்கிலாந்துப் பட்டடை அல்ல.

இதைச் சரிபார்ப்பதும் சுலபம். பழைய இரும்புக் கடையில் தராசு இல்லாமல் இருக்காது. அங்கேயே நிறுத்துப் பாருங்கள். தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம், நிறையக் குறையக் கூடாது. குறித்த எண்ணுக்கும் தராசுக்கும் இறாத்தல் கணக்கில் பொருந்தாமல், நேரடியாகக் கிலோவில் பொருந்தினால் சுவீடன், ஜெர்மனி பக்கம் தேடுங்கள். சுவீடனின் கோல்ஸ்வா, சோடர்ஃபோர்ஸ் பட்டடைகள் வார்ப்பு உருக்கில் செய்தவை. அமெரிக்கப் பட்டடைகளில் பலவற்றில் நிறை நேரே இறாத்தலில் ஒரே எண்ணாக இருக்கும். அவற்றில் ஒரு முனையில் கூம்பாக நீளும் கொம்புக்குக் கீழே முன்பாதத்தில் தனியாக ஓர் எண் இருந்தால், அது தொடர் இலக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதையும் ஆண்டு என்று படிக்கக் கூடாது.

இனி எழுத்துகள். ‘சொலிட் ரோட்’ என்று வட்டமாகக் குத்தியிருப்பதைக் கண்டவுடன் பீற்றர் ரைட் என்று முடிவு கட்டுவது வழக்கமாகிவிட்டது. டட்லி நகரின் பீற்றர் ரைட் பட்டடைகளில் அந்த வட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு உடல் முழுவதும் தேனிரும்பு என்பதற்கு மேல் பொருள் இல்லை. தரத்தைச் சொல்லும் இப்படிப்பட்ட வார்த்தைகளை மற்ற இங்கிலாந்துக் கம்பெனிகளும் குத்தின. ‘வொறன்ரட்’, ‘பேட்டன்ட்’, ‘இங்கிலாந்து’ ஆகியவையும் அப்படித்தான், தனியாக நின்றால் யாருடைய பெயரும் அல்ல. பெயரின் ஒரு துண்டாவது வேண்டும். ‘ஆர்மிற்றேஜ்’ என்பதில் நடு எழுத்துகள் நாலைந்து தெளிவாக இருந்தால்கூட அந்தப் பெயருடையவர்கள் நடத்திய ஷெஃபீல்டின் மௌஸ் ஹோல் உலையை நம்பிக்கையோடு சொல்லலாம். அவர்களுடைய பிற்காலப் பட்டடைகளில் ஓர் எலியின் உருவமே இருக்கும்.

ஊர்ப் பெயரை நம்புவதும் ஆபத்து. ட்ரென்டன் என்று குத்திய பட்டடைகளில் பெரும்பாலானவற்றை அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் செய்தார்கள். நியூ ஜெர்சியிலுள்ள ட்ரென்டன் நகரில் செய்த பட்டடைகளில் அந்தச் சொல்லைவிடப் பெரிய அடையாளம் கழுகுச் சின்னம். அவை ஃபிஷர் கம்பெனியுடையவை.

ஃபிஷர் என்றதும் ஓசை பற்றியும் சொல்ல வேண்டும். தட்டிப் பார்த்து, மணிபோல் ஒலித்தால் நல்ல கம்பெனி, மந்தமாக ஒலித்தால் மட்டம் என்று கடைகளில் அடித்துச் சொல்வார்கள். ஃபிஷர் பட்டடை வார்ப்பிரும்பு உடலும் உருக்கு முகமும் கொண்டது. அது ஒலிக்காது, ஆனால் அருமையான பட்டடை. பேரிங் குண்டை மேல்முகத்தில் போட்டு எவ்வளவு துள்ளுகிறது என்று பார்ப்பது அவசியம்தான். அது முகத்தின் நிலையைச் சொல்லும், செய்தவரின் பெயரைச் சொல்லாது.

கொழும்பில் இன்னொரு குழப்பம் உண்டு. குத்திய எழுத்தெல்லாம் செய்தவருடையது அல்ல. மேல்நோக்கிய மூன்று கோட்டு அம்பு இருந்தால் அது பிரித்தானிய அரச உடைமை என்பதற்கான குறி. சீ.ஜீ.ஆர். என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் இலங்கை அரச புகையிரதத்தின் உடைமை, பீ.டபிள்யூ.டீ. என்றால் பொதுவேலைத் திணைக்களம். விற்ற வணிகரின் பெயரும் இருக்கலாம். செய்தவரைத் தேடும்போது இவற்றைத் தள்ளி வைக்க வேண்டும், ஆனால் குறித்துக்கொள்ள மறக்கக் கூடாது. என்னைக் கேட்டால், இரத்மலானை ரயில் பட்டறையில் உழைத்த பட்டடை என்று தெரியவந்தால், அதைச் செய்த கம்பெனியின் பெயரைவிட அதுவே நமக்கு நெருக்கமான வரலாறு.

இணையத்தில் கிடைக்கும் அடையாளக் குறிப்புகளில் பெரும்பகுதி அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் எழுதியவை. அவர்கள் கண்ணில் அதிகம் படுவது அவர்கள் நாட்டுப் பட்டடைகளும், அங்கே இறக்குமதியான இங்கிலாந்துப் பட்டடைகளும். நம் துறைமுகத்துக்கு ஆங்கிலேயர் காலத்தில் வந்த சரக்கு வேறு வழியில் வந்தது. ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து ஆண்டு கணிக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் இருப்பது இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற 1890ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். கொழும்புக்கு வந்த பட்டடையை அந்த அளவுகோலால் அப்படியே அளக்க முடியாது.

எழுத்தே இல்லாத பட்டடைக்கு வலிந்து பெயர் தேட வேண்டாம். கொம்பே இல்லாத சதுரக் கட்டைகளும், தண்டவாளத் துண்டில் வெட்டி எடுத்தவையும் நம் கம்மாலைகளில் உழைத்திருக்கின்றன. பெயரில்லாததால் அவற்றை உருக்கப் போடும் இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. இடுப்பிலும் பாதத்திலும் சதுரத் துளைகள் இருந்தால், அவை அடித்துச் செய்யும்போது பிடித்துத் தூக்குவதற்கு விட்டவை, பிறகு யாரோ போட்ட ஓட்டைகள் அல்ல. எழுத்துகள் குழியாக இல்லாமல் புடைத்து நின்றால் அச்சில் வார்த்தது. இந்த அளவுக்குச் சொல்லி நிறுத்துவது நேர்மையான பதில்.

படம் எடுக்கும்போது பெயர் உள்ள பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு நிற்காதீர்கள். இரு பக்கங்களும், முன்பாதமும், அடிப்பாகமும் வேண்டும். அமெரிக்கப் பட்டடைகளில் அடியிலுள்ள குழியின் வடிவம்கூடப் பேசும். ஹே-பட்டன் கம்பெனியின் பட்டடைகளில் அது நடுவில் ஒடுங்கி இரு முனையிலும் அகன்றிருக்கும். தனியாளாகப் புரட்டாதீர்கள், கால் நசுங்கும். அப்புறம், விலை பேசி முடிக்குமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்: எந்தப் பட்டறையிலிருந்து வந்தது, கூட என்ன வந்தது என்று. அதே லொறியில் வந்த சம்மட்டியிலோ குறட்டிலோ அதே உரிமையாளர் குறி இருக்கலாம். பதிலை அன்றே படங்களோடு சேர்த்து எழுதி வையுங்கள். சரக்கு கலைந்துவிட்டால் அந்தத் தகவல் மறுபடி கிடைக்காது.