பழைய எஸ்யூவியின் டேப்பெட் கவர் பேக்கிங்கை நீங்களே மாற்றுவது எப்படி

பல ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் எஸ்யூவியை நிறுத்திவிட்டு இறங்கும்போது எண்ணெய் கருகும் வாடை அடித்தால், எஞ்சினுக்குப் பெரிய செலவு வந்துவிட்டது என்ற பயம்தான் முதலில் தோன்றும். பல வண்டிகளில் அந்த வாடைக்குக் காரணம், எஞ்சினின் உச்சியில் மூடியாக உட்கார்ந்திருக்கும் டேப்பெட் கவருக்கு அடியில் காய்ந்துபோன ஒரு ரப்பர் பேக்கிங் மட்டுமே. அதை மாற்றுவதற்கு எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றவும் வேண்டியதில்லை. பொறுமையும் அரை நாள் ஓய்வும் இருந்தால், ஸ்பேனரை அதிகம் தொட்டிராதவரும் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

இந்த விளக்கம் நான்கு சிலிண்டர்களும், வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம்ஷாஃப்ட்டுகளும், ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் மேலும் அதன் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் தனித்தனி இக்னிஷன் காயிலும் கொண்ட பெட்ரோல் எஞ்சினுக்கானது. குறுக்குவாட்டில் வைத்த வி6 எஞ்சினில் பின்பக்கக் கவரை எடுக்க, எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுவரும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்ற வேண்டியிருக்கும் என்பதாலும், டீசல் எஞ்சின்களில் உயரழுத்த எரிபொருள் குழாய்கள் குறுக்கிடும் என்பதாலும், அவற்றை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தல்

புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இங்கேயே தொடங்கிவிடுகிறது. தரையில் எண்ணெய்ச் சொட்டைப் பார்த்ததும், அதற்கு நேர் மேலே உள்ள உறுப்பைக் குற்றவாளியாக்கிவிடுகிறார்கள். கசியும் எண்ணெய் கீழ்நோக்கி வழிவதோடு, வண்டி ஓடும்போது காற்றால் பின்நோக்கியும் தள்ளப்படும் என்பதால், சொட்டு விழும் இடத்திற்கும் கசிவு பிறக்கும் இடத்திற்கும் ஒரு முழ இடைவெளிகூட இருக்கலாம். நனைந்திருக்கும் இடங்களில் மிக உயரமாகவும், வண்டியின் முன்பக்கத்திற்கு மிக அருகிலும் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். மூலம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எல்லாமே எண்ணெயும் தூசியுமாக அப்பிக் கிடந்தால், எஞ்சின் ஆறியிருக்கும்போது கவரின் விளிம்பைச் சுற்றித் துடைத்து உலர்த்தி, ஓரிரு நாள் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

டேப்பெட் கவர் கசிவுக்குச் சில தெளிவான அடையாளங்கள் உண்டு. கவரின் ஓரத்திலிருந்து எண்ணெய் வழிந்து, புகையை வெளியேற்றும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழும்போதுதான் கருகல் வாடையும் மெல்லிய புகையும் வருகின்றன. தீப்பிடிக்கும் வாய்ப்பும் உண்டு என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகள் இறங்கியிருக்கும் குழிகளைச் சுற்றியுள்ள சீல்கள் போயிருந்தால், எண்ணெய் வெளியே தெரியாமல் குழிக்குள் இறங்கும். அப்போது வண்டி மேடேறும்போது திணறும், மிஸ்ஸிங் அடிக்கும் (ஏதாவது ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றாமல் போகும்), செக் எஞ்சின் விளக்கும் எரியலாம். வண்டியின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0300 வந்தால் மிஸ்ஸிங் எந்த ஒரு சிலிண்டரிலும் நிலையாக நிற்கவில்லை என்று பொருள். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்ணே சிலிண்டரின் எண். நான் முதன்முதலில் இந்த வேலையைச் செய்த வண்டியில் பி0303 வந்தது. மூன்றாவது காயிலை உருவியபோது அதன் ரப்பர் உறை உப்பிப்போய், நுனியிலிருந்து கருப்பு எண்ணெய் நூலாக ஒழுகியது. குழிக்குள் டார்ச் அடித்தபோது பிளக்கே தெரியவில்லை, வெளிச்சம்தான் எண்ணெயில் பட்டுத் திரும்பியது.

எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்தாற்போன்ற பசை படிந்திருந்தால், வேலையைத் தொடங்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்தும் அப்படி ஆகலாம். ஆனால் டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால், அது சிலிண்டர்களின் மேல் உட்காரும் ஹெட்டுக்கு அடியிலுள்ள பேக்கிங்கான ஹெட் கேஸ்கட் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அந்த வேலை இந்த விளக்கத்தில் அடங்காது.

பேக்கிங் மட்டும்தான் குற்றவாளியா

ரப்பர், ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் எண்ணெயிலும் கிடந்து, மீள்தன்மையை இழந்து கெட்டியாகிவிடுகிறது. இது வயதால் வருவது. ஆனால் பேக்கிங்கை மாற்றிய சில மாதங்களிலேயே மறுபடியும் கசிகிறது என்று புலம்புபவர்களின் வண்டிகளில், நான் முதலில் சந்தேகப்படுவது பிசிவி வால்வைத்தான். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சினுக்குள் இறங்கும் வாயுவை உறிஞ்சி, இன்டேக்குக்குத் திருப்பி அனுப்புவது இந்தச் சிறிய வால்வின் வேலை. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயை வெளியே தள்ளும். புதுப் பேக்கிங்கும் அந்த அழுத்தத்திற்கு எதிராக நீண்ட நாள் நிற்காது.

சோதிப்பது எளிது. வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே ‘கடகட’ என்று ஒலிக்க வேண்டும். குழாயோடு இணைத்த நிலையில் எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு வால்வின் திறந்த முனையில் விரலை வைத்தால், உறிஞ்சுவது தெரிய வேண்டும். அதோடு சேர்ந்த ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அதையும் மாற்றுங்கள். சில எஞ்சின்களில் இந்த அமைப்பு கவருக்குள்ளேயே பொதிந்திருக்கும். அது கெட்டால் முழுக் கவரையும் மாற்ற வேண்டி வரும் என்பதால், பேக்கிங் வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

தேவையானவை

உங்கள் எஞ்சின் எண்ணுக்குரிய டேப்பெட் கவர் பேக்கிங் செட்டை வாங்குங்கள். பிளக் குழி சீல்களும் போல்ட்டுகளின் ரப்பர் வாஷர்களும் அதில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். 10 மி.மீ. சாக்கெட், எக்ஸ்டென்ஷன், பிளக் சாக்கெட், பிளாஸ்டிக் சுரண்டி, ரப்பர் சுத்தியல், பிரேக் கிளீனர், எண்ணெய் தாங்கும் ஆர்டிவி சிலிகான் (கசிவை அடைக்கும் பசை), நூல் உதிராத துணி ஆகியவை வேண்டும். பஞ்சு வேஸ்ட் வேண்டாம். அதிலிருந்து உதிரும் நூல் எண்ணெய் வழிகளுக்குள் போய்விடும்.

போல்ட்டை எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சக்கர நட்டுகளுக்குப் பயன்படும் பெரிய டார்க் ரெஞ்ச் இங்கே உதவாது; அதில் காட்டும் மிகக் குறைந்த அளவே பெரும்பாலும் இந்த வேலைக்குப் பல மடங்கு அதிகம். ஏறத்தாழ 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் சிறிய கருவிதான் தேவை. இதை வாங்கத் தயங்குபவர்களுக்கு ஏன் வேண்டும் என்பது கீழே தெரியும்.

கழற்றுதல்

எஞ்சின் முழுவதுமாக ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவதே மேல். பேட்டரியின் நெகடிவ் இணைப்பை முதலில் கழற்றுங்கள். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தபின், எதையும் பிடுங்குவதற்கு முன் கைப்பேசியில் நான்கைந்து படங்கள் எடுத்துவிடுங்கள். பழைய வண்டிகளில் ஒயர் கனெக்டர்களின் பிளாஸ்டிக் பூட்டு காய்ந்திருக்கும் என்பதால், நாக்கை நன்றாக அழுத்திக்கொண்டு கனெக்டரின் உடலைப் பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். காயில்களைத் திருகியபடி மேலே உருவி, எது எந்தச் சிலிண்டருடையது என்று எண்ணிட்டு வையுங்கள்.

குழிக்குள் எண்ணெய் நின்றால், பிளக்கைக் கழற்றுவதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். ஊசியில்லாத சிரிஞ்சின் முனையில் மெல்லிய குழாயைச் செருகி உறிஞ்சி, மிச்சத்தைத் துணி சுற்றிய குச்சியால் ஒற்றி எடுங்கள். இதைச் செய்யாமல் பிளக்கைத் திருகினால், குழியில் நின்றது எல்லாம் அழுக்கோடு சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

இனிக் கவர் போல்ட்டுகள். ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாகத் தளர்த்தி, இரண்டாவது சுற்றில் முழுதாகக் கழற்றுங்கள். நீளம் வேறுபட்ட போல்ட்டுகள் இருக்கும் என்பதால், ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டு போல்ட்டைச் செருகி வைப்பது என் வழக்கம். போல்ட்டெல்லாம் எடுத்த பிறகும் கவர் அசையாமல் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் செருகி நெம்பும் ஆசை வரும். அலுமினிய முகப்பில் விழும் ஒரு கீறல் நிரந்தரமான கசிவு வழியாகிவிடும் என்பதால் அந்த ஆசையை அடக்குங்கள். எல்லா போல்ட்டுகளும் வந்துவிட்டனவா என்று மறுபடி பார்த்துவிட்டு, மூலையில் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் விட்டுக்கொடுத்துவிடும்.

கவர் எழுந்ததும் கேம்ஷாஃப்ட்டுகளும், முன்பக்கம் டைமிங் செயின் இறங்கும் ஆழமான பள்ளமும் தெரியும். அந்தப் பள்ளத்தில் ஒரு போல்ட் விழுந்தால் அரை நாள் வேலை பல நாள் வேலையாகிவிடும். எனவே அதைச் சுத்தமான துணியால் அடையுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். நினைவை நம்ப வேண்டாம்.

சுத்தம் செய்தல்

பாதி நேரம் இதற்குத்தான் போகும், போகவும் வேண்டும். பழைய பேக்கிங் சுள்ளிபோல ஒடிந்து ஒடிந்து வரும். கவரின் பள்ளத்தில் ஒரு துணுக்குகூட மிஞ்சாமல் எடுங்கள். ஹெட்டின் முகப்பிலும், டைமிங் கவர் அதனோடு சேரும் மூலைகளிலும் ஒட்டியிருக்கும் பழைய சிலிகானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்க வேண்டும். உப்புத்தாள், சுழலும் கம்பித் தூரிகை, தேய்ப்பு வட்டு எதுவும் கூடாது. அவற்றிலிருந்து உதிரும் பொடி எண்ணெயோடு கலந்து பேரிங்குகளைத் தேய்த்துவிடும். பிரேக் கிளீனரை எஞ்சினுக்குள் நேராக அடிக்காமல், துணியில் நனைத்துத் துடையுங்கள். விரலால் தடவினால் வழுக்கக் கூடாது, அதுதான் அளவுகோல்.

பிளக் குழி சீல்களைப் பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் பார்க்குமாறு, அதன் வட்டத்திற்குச் சமமான ஒரு சாக்கெட்டை மேலே வைத்துத் தட்டி நேராக இறக்குங்கள். எண்ணெயில் ஊறி உப்பிய காயில் உறையைத் துடைத்துப் பயனில்லை, புதிது போடுங்கள்.

மாட்டுதல்

புதுப் பேக்கிங்கைப் பள்ளத்தில் முறுக்கில்லாமல், சிலிகான் எதுவும் தடவாமல் உலர்வாகவே பதியுங்கள். பாதுகாப்புக்காகச் சுற்றிலும் சிலிகான் பூசினால், இறுக்கும்போது பேக்கிங் வழுக்கி இடம் மாறிவிடும். டைமிங் கவர் ஹெட்டோடு சேரும் மூலைகளிலும், எஞ்சின் கையேடு குறிப்பிடும் கேம் மூடிகளின் ஓரங்களிலும் மட்டும் 3 மி.மீ. அளவுள்ள ஒரு பொட்டு வைத்து, அது தோல் கட்டுவதற்குள் கவரை இறக்கிவிட வேண்டும். ஆனால் கவரைக் கையிலெடுப்பதற்கு முன் துணிகளை எடுத்து எண்ணுங்கள்.

முதலில் எல்லா போல்ட்டுகளையும் கையாலேயே மரையில் ஏற்றுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, குறுக்கு நெடுக்காக, இரண்டு சுற்றுகளில் இறுக்குங்கள். இத்தகைய 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பொதுவாக 8 முதல் 12 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையே போதும். உங்கள் எஞ்சினுக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். 10 நியூட்டன் மீட்டர் என்பது 10 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் ஏறத்தாழ 10 கிலோ எடையை வைத்ததற்குச் சமம். நீளமான ராட்செட்டைப் பிடித்த கை அதை உணர்வதற்குள்ளேயே தாண்டிவிடுகிறது. ‘இன்னும் கால் சுற்று இறுக்கிவிட்டால் கசியவே கசியாது’ என்று நினைத்து நானும் ஒருமுறை கைக்கணக்கில் இறுக்கினேன். போல்ட் கொஞ்சம் கனமாகி, பிறகு திடீரென்று இளகி, மரையோடு சேர்ந்து வெளியே வந்தது. பேக்கிங் மாற்ற ஆன நேரத்தைவிட அந்த ஒரு துளைக்குப் புதிய மரை போட ஆன நேரமே அதிகம். அதிகமாக இறுக்கினால் மரை போவது மட்டுமன்று, பேக்கிங் நசுங்கிக் கவரும் வளைந்து, கசிவு கூடத்தான் செய்யும்.

பிளக்குகளையும் காயில்களையும் எண் வரிசைப்படி மாட்டி, ஒயர்களைப் படத்தோடு ஒப்பிட்டு இணைத்து, பிசிவி குழாயைப் பொருத்திவிட்டு, கடைசியாக பேட்டரியை இணையுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

சிலிகான் டியூபில் எழுதியுள்ள உலரும் நேரம் முடியும்வரை எஞ்சினைத் தொடக்க வேண்டாம். டிப் ஸ்டிக்கைப் பார்த்து, கசிந்து குறைந்த எண்ணெயை நிரப்பிவிட்டு, கால் மணி நேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, கவரின் விளிம்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்கத்தைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடி உதவும். மேனிஃபோல்டின் மேல் ஏற்கனவே படிந்திருந்த எண்ணெய் எரிந்து தீரும்வரை கொஞ்சம் வாடையும் புகையும் வரும். அதைக் கண்டு மறுபடி போல்ட்டுகளை இறுக்கிவிடாதீர்கள். பழைய மிஸ்ஸிங் குறியீட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டு, ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டியபின், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரே ஒரு காயிலை மட்டும் உருவிக் குழிக்குள் பாருங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் உலர்வாகத் தெரிந்தால், அந்தக் காயிலைத் திருப்பி மாட்டி மூடியைப் போட்டுவிடலாம்.