தொடக்கப்பள்ளியில் சிறப்புப் பயிற்றுநர் ஆக விரும்புகிறவர்களுக்கு

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். ஆனால் என்னிடம் யோசனை கேட்டு வரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது, ஒரு சின்ன வேலையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்க வருமா என்பதைத்தான்.

படிப்பு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு டி.எட். சிறப்புக் கல்வி, பட்டதாரிகளுக்கு பி.எட். சிறப்புக் கல்வி. கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயாவிலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பி.எட். படிக்கலாம். எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின், அதாவது ஆர்.சி.ஐ.யின், அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளத்திலேயே பாருங்கள். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். முடித்ததும் ஆர்.சி.ஐ.யில் பதிந்து சி.ஆர்.ஆர். எண், அதாவது மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டு எண், வாங்க வேண்டும். பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்வது 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி குற்றம்.

அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) சேர்ந்தால் நமக்கென்று தனி வகுப்பறை இருக்காது. வட்டார வள மையம்தான் அலுவலகம். அங்கிருந்து பள்ளி பள்ளியாகப் போக வேண்டும். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கும் போக வேண்டும். பஸ் போகாத ஊர்களும் பட்டியலில் வரும். ஸ்கூட்டி ஓட்டத் தெரியாதவர்கள் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

வேலையைப் படிப்படியாகப் பிரிப்பது என்றேனே, சத்துணவு சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொல்லித் தருவதைப் பாருங்கள். அறிவுசார் குறைபாடுள்ள மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இதைப் பழக்கினேன். மிச்சத்தைக் கொட்டுவது, குழாயைத் திறப்பது, தட்டை நீட்டுவது, உள்பக்கம் தேய்ப்பது, திருப்பிப் பின்பக்கம் தேய்ப்பது, குழாயை மூடுவது, தண்ணீரை உதறுவது, பையில் வைப்பது. கடைசிப் படியிலிருந்து தொடங்கினேன். மற்றதையெல்லாம் அவன் கையைப் பிடித்து நானே செய்துவிட்டு, பையில் வைப்பதை மட்டும் அவனிடம் விட்டேன். வேலையை முடித்த சந்தோஷம் முதல் நாளே அவனுக்குக் கிடைத்துவிட்டது. அது பழகியதும் உதறுவது, பிறகு குழாயை மூடுவது என்று பின்னோக்கி வந்தோம். பின்பக்கம் தேய்ப்பதில்தான் வெகுநாள் நின்றோம். கடைசியில் மஞ்சள் தூளைக் குழைத்துத் தட்டின் பின்னால் ஒரு பொட்டு வைத்து, அது போகும்வரை தேய்க்கச் சொன்னேன். பிடித்துக்கொண்டான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுத வேண்டும், ஐ.இ.பி. என்போம். பிள்ளைக்கு இப்போது எதெல்லாம் வரும் என்று பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் திறன்களை மதிப்பிடச் சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். பட்டியலில் 18 பிரிவுகளில் 360 திறன்கள் இருக்கின்றன. தொடங்க அது நல்ல இடம். "பேச்சு முன்னேற வேண்டும்" என்று இலக்கு எழுதுவதில் பயனில்லை. "தாகம் எடுத்தால் பாட்டில் படத்தை எடுத்து டீச்சரிடம் கொடுப்பாள், ஐந்தில் நான்கு முறை" என்று எழுதுங்கள். அப்போதுதான் அவள் அம்மாவும் வீட்டில் அதையே எண்ணிப் பார்க்க முடியும்.

வகுப்பாசிரியரிடம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு உதவி கேளுங்கள். "சார், இந்த வாரம் அவனைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்க, போதும்." நீளமான பட்டியல் கொடுத்தால், மற்ற பிள்ளைகளுக்கு நடுவில் அவரால் எதையுமே செய்ய முடியாது.

சம்பளம் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் எங்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறோம். தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று மத்திய அரசு 2022இல் வரையறுத்தது. அதற்கேற்பப் பணியிடங்களை அறிவிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் டீச்சர் மாறக்கூடாது; அதனால் நிரந்தரப் பணியிடம் கேட்பதை நம் சம்பளத்துக்கான கோரிக்கையாக மட்டும் நான் பார்ப்பதில்லை. சேரும் முன் ஒப்பந்தக் காலம், பயணப்படி, மகப்பேறு விடுப்பு மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விண்ணப்பம் போடும் முன் உங்கள் வட்டார வள மையம் சிறப்புக் குழந்தைகளுக்காக நடத்தும் பகல்நேர மையத்தில் ஒரு வாரம் இருக்க அனுமதி கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் கட்டாயம் இருங்கள். எச்சில் துடைப்பதும் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் இந்த வேலையில் உண்டு. வெளியே காத்திருக்கும் அம்மாக்களிடம், பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுத்தால் வீட்டில் ஒத்தாசையாக இருக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.