சி.எஸ்.ஸா, மேத்ஸா? படிக்கட்டுக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள்

மேற்கு மாம்பலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ரிசல்ட் வந்துவிட்டால் போதும், போன் ஓயாது. "மிஸ், இவனுக்கு மேத்ஸ்ல நூத்துக்கு நூறு. பி.இ. சி.எஸ்., அதான் கம்ப்யூட்டர் சயின்ஸ், போடலாமா, பி.எஸ்ஸி. மேத்ஸா?" என்பார்கள். "பையன் பக்கத்துல இருக்கானா? அவன்கிட்ட குடுங்க" என்பேன்.

முதலில் அந்த நூற்றுக்கு நூறை ஓரமாக வையுங்கள். பொறியியல் கட்ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. அதனால் சி.எஸ். சீட்டுக்கும் கணக்கு மார்க்தான் கை கொடுக்கும். புத்தகக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்ட பிள்ளைக்கும் சென்டம் வரும். கணக்கு பிடிக்குமா என்பதை அது சொல்லாது.

நான் கொடுக்கும் சோதனை இது. பத்துப் படி இருக்கிறது. ஒரு தடவை கால் வைத்தால் ஒரு படியோ இரண்டு படியோ ஏறலாம். மொத்தம் எத்தனை விதமாக ஏறலாம்? மூன்று படிக்கு மூன்று வழி, நான்குக்கு ஐந்து, ஐந்துக்கு எட்டு. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருகிறது என்று பெரும்பாலும் பிடித்துவிடுவார்கள். பத்துக்கு 89. அதற்கப்புறம் பிள்ளை என்ன செய்கிறது என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

ஒரு வகைப் பிள்ளை போனில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைத் திறந்து, நாற்பது படிக்குப் போட்டுப் பார்க்கும். தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் ஃபங்ஷன் நாலு வரியில் எழுதியிருக்கும். போன் அப்படியே உட்கார்ந்துவிடும், ஏனென்றால் சின்னப் படிகளுக்கான அதே விடைகளை அது கோடிக்கணக்கான தடவை மறுபடி மறுபடி கணக்கிடுகிறது. "ஒரு தடவை கண்டுபிடிச்சதை லிஸ்ட்ல போட்டு வெச்சா?" என்று பிள்ளைக்கே தோன்றி, மாற்றி எழுதி ஓட்டினால் 16,55,80,141 என்று உடனே வந்து விழும். அந்த வேக வித்தியாசத்தைப் பார்த்துத் துள்ளுகிறதா? சி.எஸ். போடுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ் எல்லாம் இந்தத் துள்ளலின் நீட்சிதான்.

இன்னொரு வகை போனைத் தொடாது. "ஏன் மிஸ் கூட்டணும்?" என்று கேட்கும். கடைசியாகக் கால் வைத்தது ஒரு படிக்கா, இரண்டு படிக்கா என்று பிரித்துப் பார், தெரியும் என்றால் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "நடுவுல கூட்டாம நேரா நூறாவதுக்குப் போக முடியாதா?" என்று அடுத்த கேள்வி. 89ஐ 55ஆல் வகுக்கும், 1.618 வரும். 144ஐ 89ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட அதேதான். அதோடு சாப்பாட்டு நேரம் போச்சு. இந்தப் பிள்ளையைக் கோடிங் பக்கம் தள்ளாதீர்கள்.

மூன்றாவது வகை யார் என்று பார்க்கப் பிளஸ் டூ புத்தகத்தின் முதல் பாடமான அணிகளையே எடுப்பேன். மேல் வரிசையில் 1, 1. கீழ் வரிசையில் 1, 0. இந்த அணியை நாற்பதாம் அடுக்குக்கு உயர்த்தினால் இடது மேல் மூலையில் நாற்பது படிக்கான விடை நிற்கும். அதற்கு நாற்பது பெருக்கல் வேண்டாம். வர்க்கமாக்கிக்கொண்டே போனால் 2, 4, 8, 16, 32ஆம் அடுக்குகள் கிடைக்கும். கடைசியில் 32ஐயும் 8ஐயும் பெருக்க வேண்டும். மொத்தம் ஆறு பெருக்கல். கணக்கின் அமைப்பைப் புரிந்துகொண்டு அதை வேலை வாங்குவது இது. இதில் கண் விரிந்தால் அப்ளைட் மேத்ஸ், அதாவது கணக்கை நடைமுறை வேலைகளுக்குப் பயன்படுத்தும் படிப்பு.

சரி, அடுத்து கல்லூரி. கோர்ஸ் பெயரை நம்பாமல் செமஸ்டர் வாரியான பாடத்திட்டத்தை எடுத்து வாசியுங்கள். பி.இ. சி.எஸ்.ஸில் டிஸ்க்ரீட் மேத்ஸ் தாண்டியதும் கணக்கு மெலிந்துவிடும். ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க், கம்பைலர் என்று போகும். மேத்ஸ் பக்கம் ரியல் அனாலிசிஸ், அதாவது கால்குலஸின் அடிப்படைகளை நிறுவிப் படிக்கும் பாடம், காத்திருக்கிறது. அங்கே 'மதிப்பு காண்க' குறைந்து 'நிறுவுக' அதிகமாகும், சென்டம் எடுத்தவர்கள் தடுமாறும் இடம் அதுதான். நியூமரிக்கல் மெதட்ஸ், ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச், நிகழ்தகவு, கூடவே ஒரு புரோகிராமிங் லேப் இருந்தால்தான் அப்ளைட் என்ற சொல்லுக்கு அர்த்தம். லேப் இல்லாவிட்டால் பைத்தானை நீங்களாகவே படிக்க வேண்டியிருக்கும்.

வேலை? பூசி மெழுக மாட்டேன். வீட்டில் டிகிரி முடித்ததும் சம்பளம் வந்தாக வேண்டும் என்றால் சி.எஸ். எடுங்கள், கேம்பஸ் இன்டர்வியூ அந்தப் பக்கம்தான் அதிகம். மேத்ஸ் என்றால் மேலே இரண்டு வருடம் படிக்கப் பணமும் பொறுமையும் வேண்டும். ஆனால் பி.எஸ்ஸி. மேத்ஸ் முடித்து டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. போகலாம், காப்பீட்டு ரிஸ்க்கைக் கணக்கிடும் ஆக்சுவரி வேலைக்கான தேர்வுகள் எழுதலாம். சி.எஸ். படித்துவிட்டு மேத்ஸுக்குத் திரும்புவது முடியாததல்ல, விட்டுப்போன அனாலிசிஸைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டுமே வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம், அதாவது சி.எம்.ஐ., இருக்கிறது. அங்கே கணிதத்தையும் கணினி அறிவியலையும் சேர்த்தே பி.எஸ்ஸி. படிக்கலாம். பிளஸ் டூ மார்க்கைக் காட்டி நுழைய முடியாது, தனி நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

விண்ணப்பம் இரண்டு பக்கமும் போட்டு வையுங்கள். கலைக் கல்லூரி அட்மிஷன் முதலில் வந்துவிடும், பொறியியல் கவுன்சலிங் பின்னால்தான். கலைக் கல்லூரியில் ஒரிஜினல் டி.சி.யும் பீஸும் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன், கவுன்சலிங்கில் இடம் கிடைத்தால் டி.சி. எத்தனை நாளில் திரும்ப வரும், பீஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று ஆபீஸில் கேட்டு எழுதி வாங்குங்கள். அரசு உதவி பெறும் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா, காலை ஷிஃப்டா, மாலையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பீஸ் அதைப் பொறுத்து மாறும்.