ஹோலிரூட் அரண்மனையைக் கடைசிக்கு வைக்காதீர்கள்

ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்குத்தான் போடுகிறார்கள். காலையில் மேட்டில் இருக்கும் கோட்டை, பிறகு ராயல் மைல் தெருவில் கடை கடையாக நுழைந்து புறப்பட்டு, சாயங்காலம் கீழ்க்கோடியில் ஹோலிரூட் அரண்மனை. இறக்கம்தானே என்று தோன்றும். ஆனால் மூடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்பே டிக்கெட் வாசலை அடைத்துவிடுவார்கள். காலையிலேயே இங்கே வந்துவிட்டு, கோட்டைக்கு அப்புறம் ஏறுங்கள். இரண்டுக்கும் டிக்கெட் தனித்தனி.

தேதியையும் பார்க்காமல் போகக்கூடாது. இது இன்றும் மன்னர் வந்து தங்கும் வீடு. ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தை ஒட்டி அவர் வரும் நாட்களில் நமக்கு அனுமதி இல்லை.

உள்ளே போனதும் ஸ்காட்லாந்து ராணி மேரியின் அறையைத் தேடி ஓடுகிறார்கள். சரி, ஓடத் தகுந்த இடம்தான். 1566 மார்ச் 9 இரவு, ஆறு மாதக் கர்ப்பிணியான ராணி சாப்பிட்டுக்கொண்டிருந்த சின்ன அறைக்குள் புகுந்து, அவருடைய செயலர் ரிட்சியோவை இழுத்துப்போய்க் குத்திக் கொன்றார்கள். கணவர் டார்ன்லியும் அதற்கு உடந்தை. அங்கே போகும் சுழல்படி ரொம்பக் குறுகல். முட்டிவலி உள்ளவர்கள் ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் தரையில் காட்டும் சிவப்புக் கறையை ரத்தம் என்று நம்பிவிட வேண்டாம். பெரிய கூடத்தில் வரிசையாகத் தொங்கும் 90க்கும் மேற்பட்ட ராஜாக்களும் அப்படித்தான். 1680களில் டி விட் என்ற ஓவியர் வரைந்தவை அவை. அதில் பல ராஜாக்கள் வெறும் கட்டுக்கதை.

என் கணக்கில் பெரிய தவறு வேறு. அரண்மனை முடிந்ததும் பின்னால் இருக்கும் மடாலயத்தை எட்டிப்பார்த்து, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது. உண்மையில் மடாலயம்தான் மூத்தது. ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட் 1128இல் கட்டினார்; அரச குடும்பம் வந்து தங்கிய அதன் விருந்தினர் இல்லம்தான் பின்னாளில் அரண்மனையாக வளர்ந்தது. ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்குப் பிறப்பு, முடிசூட்டு, கல்யாணம், அடக்கம் நான்கும் இந்த வளாகத்திலேயே நடந்தன.

இன்று அதற்குக் கூரை கிடையாது. ஏதோ போரில் இடிந்தது என்று நினைக்காதீர்கள். கூரையைப் பழுதுபார்க்கிறோம் என்று கனமான கற்பலகைகளை ஏற்றினார்கள்; பத்து வருடம்கூட நிற்காமல் 1768இல் எல்லாம் சரிந்து விழுந்தது. 1829இல் இங்கே வந்த ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன், புல் முளைத்த இந்த இடிபாட்டில் நின்றபோதுதான் தன் ஸ்காட்டிஷ் சிம்ஃபனியின் தொடக்கம் கிடைத்ததாக எழுதினார். அரைமணியாவது ஒதுக்குங்கள். குடையை நம்பாதீர்கள், அங்கே அடிக்கும் காற்றில் மழைக்கோட்டுதான் பிழைக்கும்.

வெளியே வந்ததும் தெருவில் இறங்கித் தரையைப் பாருங்கள். பித்தளையில் 'எஸ்' எழுத்துகள் பதித்திருக்கும்; 'சாங்சுவரி', அதாவது புகலிடம் என்பதன் முதல் எழுத்து. அந்தக் காலத்தில் இந்த எழுத்துகள் இருக்கும் இடத்தைத் தாண்டி மடாலய எல்லைக்குள் வந்துவிட்டால், கடன் வாங்கியவர்களைக் கடனுக்காகச் சிறைபிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர்கள் பயமில்லாமல் ஊருக்குள் போய்வந்தார்கள். அந்தக் கிழமையில் கைது செய்ய மாட்டார்கள்.