லயத்துக்கும் இலாகாவுக்கும் நடுவே: தோட்டப்புறப் பட்டணத்தில் சிறார் நல உதவிக் குழு நடத்தும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில், பிள்ளைகளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நான்கு பேர் கூடினால், பெரும்பாலும் ஓர் இல்லம் தொடங்கலாம் என்ற யோசனைதான் முதலில் எழுகிறது. அதைத் தள்ளி வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். நான்கு பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ தங்கவைத்துப் பராமரித்தால் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவு வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, இரண்டு ஷிப்டு வேலை பார்க்கும் தாயின் பிள்ளைக்கு இன்னொரு கூரையைவிட அந்தத் தாய்க்குக் கிடைக்கும் உதவியே பெரிது. சமூக நல இலாகா 1946 முதல் இயங்கி வருகிறது, அதிகாரம் பெற்ற அலுவலர்கள் இருக்கிறார்கள், உதவித்தொகையும் இருக்கிறது. ஆனால் சுங்கை சிப்புட் வட்டாரத்துக்குரிய மாவட்ட அலுவலகம் கோலகங்சாரில் உள்ளது. பஸ் செலவு, அரை நாள் கூலி இழப்பு, மலாய்ப் பாரங்கள் (படிவங்கள்), "பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ" என்ற அச்சம் ஆகிய நான்கும் சேர்ந்து அந்தப் பாதையை அடைத்துவிடுகின்றன. அந்த அடைப்பை எடுப்பதுதான் ஒரு சிறு குழுவால் நன்றாகச் செய்யக்கூடிய வேலை.

குழுவைச் சங்கப் பதிவிலாகாவில் பதிவு செய்ய ஏழு உறுப்பினர்கள் போதும். ஆள் சேர்க்கும்போது ஒன்றில் மட்டும் தயவு காட்டாதீர்கள்: பிள்ளைகளோடு பழகப்போகும் ஒவ்வொருவரின் பெயரையும், சிறாருக்கு எதிராகக் குற்றம் புரிந்தவர்களின் பதிவேட்டில் சரிபார்த்துத் தருமாறு சமூக நல இலாகாவிடம் கேளுங்கள். கோவில் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று யாருக்கும் விலக்கு வேண்டாம்.

அடுத்ததாக, சட்டத்தை எல்லாரும் உட்கார்ந்து படியுங்கள். 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் 2002 ஆகஸ்டில் நடப்புக்கு வந்து, 2016இல் திருத்தப்பட்டது. 18 வயதுக்கு உட்பட்ட அனைவரும் அதன்படி சிறார்கள். ஆபத்தில் இருக்கும் பிள்ளையைத் தற்காலிகமாகப் பொறுப்பில் எடுக்கும் அதிகாரம் இலாகாவின் பாதுகாவலர் அதிகாரிக்கும் போலீசாருக்கும் மட்டுமே உண்டு. எடுத்த 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைச் சிறார் நீதிமன்றத்தில் முன்னிறுத்த வேண்டும். பிள்ளை கொடுமைக்கு ஆளாவதாக நம்பினால் இலாகாவுக்குத் தகவல் தரும் கடமை மருத்துவர், குடும்ப உறுப்பினர், பிள்ளை பராமரிப்பவர் ஆகியோருக்கு உண்டு. பிள்ளையைக் கொடுமைப்படுத்துபவருக்கு 20 ஆண்டு வரை சிறையோ 50,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பாலியல் குற்றமென்றால், 2017ஆம் ஆண்டின் சட்டப்படி, தெரிந்தும் போலீசில் சொல்லாத எவருக்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆகவே அப்படிப்பட்ட விஷயத்தைக் கோவில் மண்டபத்தில் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்க்க ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். மானம் போய்விடும் என்று மறைத்த வீடுகளில் அதன் விலையை அந்தப் பிள்ளைதான் கொடுத்திருக்கிறது.

மாவட்ட அலுவலகத்துக்கு முதல்முறை போகும்போது புகாரோடு போகாமல், மலாயில் எழுதிய அறிமுகக் கடிதத்தோடு போங்கள். மாவட்டச் சிறார் பாதுகாப்புக் குழுவும் சிறார் நடவடிக்கை மையங்களும் ஊர் மக்களின் துணையோடு நடக்க வேண்டியவை. அவற்றில் உங்களுக்கு என்ன பங்கு தர முடியும் என்று கேளுங்கள். அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் கோப்புக்கும் ஒரு நகல் உங்களிடம் இருந்தால், புதிதாக வருபவரிடம் கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

உங்கள் நேரத்தில் பெரும்பகுதி பத்திரங்களிலேயே போகும், போகட்டும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி, மருத்துவம், உதவித்தொகை எல்லாமே சிக்கலாகிவிடும். தீபகற்பத்தில் பிறப்பை 60 நாட்களுக்குள் பதிய வேண்டும். கெடு தாண்டியிருந்தால் பயந்து ஒதுங்காமல் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நம் தோட்டப்புறங்களில் ஆழமாகப் புதைந்திருக்கும் சிக்கல் இன்னொன்று. 1982 மார்ச் முதல் கோவிலில் தாலி கட்டியதோடு திருமணம் சட்டப்படி முடிவதில்லை. அதைப் பதிந்தாக வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாய் வழியாகவே பார்க்கப்படுகிறது. அந்தத் தாய்க்கே அடையாள அட்டை இல்லையென்றால், தந்தை பரம்பரையாக இந்த மண்ணில் பால் மரம் வெட்டியவராக இருந்தாலும், பிள்ளை நாடற்றதாகிவிடுகிறது. ஆகவே வீடு வீடாகப் போகும்போது பிள்ளையின் பத்திரத்தோடு நிறுத்தாமல், தாய், பாட்டி ஆகியோரின் பத்திரங்களையும் கேட்டுப் பாருங்கள். பழைய தோட்டப் பதிவேடு, மருத்துவமனைக் குறிப்பு, பள்ளிச் சான்றிதழ், மருத்துவச்சியின் சத்தியப் பிரமாணம் என எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். குடியுரிமைக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் விண்ணப்பிக்க வயது வரம்பு உண்டு என்பதால், பிள்ளை பள்ளி முடிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இத்துறையில் அனுபவமுள்ள டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா போன்ற இயக்கங்களின் வழிகாட்டலைப் பெறுவது நல்லது.

தோட்டங்களில் ஒரு காலத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. விடியுமுன் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத்தான் தாய்மார்கள் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போனார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபின், அந்த வேலை அக்கம்பக்கத்துப் பாட்டியின் கைக்கு வந்துவிட்டது. நான்கு வயதுக்கு உட்பட்ட நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ பார்த்துக்கொண்டால் 1984ஆம் ஆண்டின் சட்டப்படி அது தாஸ்கா, அதாவது குழந்தைப் பராமரிப்பு மையம்; பதிவு கட்டாயம். அந்தப் பாட்டியைப் பயமுறுத்தாமல், பத்துக்கும் குறைவான பிள்ளைகளுக்கான வீட்டுத் தாஸ்காவாகப் பதிய உதவுங்கள்: பாரம் நிரப்புங்கள், பயிற்சிக்கு அழைத்துப் போங்கள், தீயணைப்புக் கருவி வாங்கிக் கொடுங்கள். என் கணிப்பில், குழுவின் பணம் இதைவிடப் பயனுள்ள இடத்தில் செலவாவது அரிது.

ஒரு பிள்ளை அடிபடுவதாகச் சந்தேகம் எழுந்தால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். பல பேர் பல தடவை கேட்டால் பிள்ளையின் சாட்சியம் கலைந்துவிடும். நேர்காணலுக்குப் பயிற்சி பெற்ற போலீசார் இருக்கிறார்கள். பிள்ளை தானாகச் சொன்ன சொற்களை அப்படியே, தேதியும் நேரமும் இட்டு எழுதுங்கள். "மாமா என்னை ராத்திரி வெளியே நிறுத்தினார்" என்று சொன்னால் அதையே எழுத வேண்டும். "உறவினரின் துன்புறுத்தல்" என்று மாற்றக் கூடாது. பிறகு அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே 15999 எண்ணுக்கோ போலீசுக்கோ சொல்லுங்கள். காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். படத்தையோ பெயரையோ வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி குற்றம்.

சேவை மேம்பட வேண்டுமானால் கணக்கு வேண்டும். விண்ணப்பித்த நாள், பதில் வந்த நாள், மறுத்த காரணம், எத்தனை முறை நடக்க வேண்டியிருந்தது என ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் பதியுங்கள். ஆறு மாதம் கழித்து, பெயர்களை நீக்கிவிட்டு, அதை மாவட்ட அதிகாரியிடம் கொடுங்கள். வருமானச் சான்று இல்லாததால் மறுக்கப்பட்டவையே அதிகம் என்று தெரிந்தால், தினக்கூலிக்காரர்களுக்கு எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மாதம் ஒருமுறை சுங்கை சிப்புட்டிலேயே முகப்பிடச் சேவை நடத்த முடியுமா என்றும் கேளுங்கள். மண்டபத்தையும் மொழிபெயர்ப்பாளரையும் நீங்கள் தருவதாகச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் அதே நோட்டுடன் சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள்.

இலாகா கோப்பை மூடியபின் குடும்பத்தைப் பார்க்கப் போவது யார் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். பிள்ளை வீடு திரும்பிய முதல் வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை, பள்ளித் தவணை தொடங்கும்போது ஒருமுறை என்று, தாய்க்கு ஏற்கெனவே பழக்கமான ஒருவரே போகட்டும். போகும்போது கையில் பாரம் எதுவும் வேண்டாம்.