மும்முனை இணைப்புக்கு மாறப் போகிறீர்களா? நியூட்ரலை முதலில் பாருங்கள்

போன கோடையில் அம்மா ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டபோது சுரீர் என்று இழுத்திருக்கிறது. போனில் சாதாரணமாகத்தான் சொன்னார்கள், எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. அன்று வாங்கியது ஒருமுனை இணைப்பு, அதாவது கரண்ட் கொண்டு வரும் ஃபேஸ் ஒன்று, அது திரும்பும் நியூட்ரல் ஒன்று. அதிலேயே பின்னால் இரண்டு ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் வந்து சேர்ந்தன, சாயங்காலம் மோட்டார் போட்டால் டியூப்லைட் மங்கும். அதனால் எர்த், ஒயர், இணைப்பு மூன்றையும் ஒன்றாகவே மாற்றி, மூன்று ஃபேஸ் வரும் மும்முனைக்குப் போனோம். மீட்டருக்கு முன்னால் இருப்பது மின் வாரியத்தின் வேலை, அதில் கை வைக்கவே கூடாது. பின்னால் இருப்பதை லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று புரிந்துகொண்டு கேள்வி கேட்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு

ஒரு தாளில் வீட்டில் உள்ள எல்லாவற்றின் வாட்ஸையும் எழுதுங்கள். எங்களுக்கு ஏசி இரண்டும் சேர்ந்து 3200, கீசர் 2000, இண்டக்‌ஷன் 2000, ஒரு எச்பி மோட்டார் 750, அயர்ன் பாக்ஸ் 1000, மற்றதெல்லாம் 1200, மொத்தம் 10150 வாட்ஸ். இதை 230ஆல் வகுத்தால் 44 ஆம்பியர். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது, ஆனால் பாதி ஓடினாலே 22 ஆம்பியர், அதை ஒரே ஃபேஸ் சுமக்கிறது. கூடுதல் மின்பளுவுக்கும் மும்முனைக்கும் விண்ணப்பிக்கும்போது இந்தத் தாள்தான் கையில் இருக்க வேண்டும்.

எந்த ஒயர்

விளக்கு, ஃபேன் லைனுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், 10 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்). பவர் பிளக்குக்கு 2.5, அதற்கு 16 ஆம்பியர். ஏசிக்கும் கீசருக்கும் 2.5 தாங்கும் என்று பலர் சொல்வார்கள், தாங்கவும் செய்யும், ஆனாலும் நான் 4 போட்டு 20 ஆம்பியர் எம்சிபி வைத்தேன், ஒவ்வொன்றுக்கும் டிபியிலிருந்து (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) தனி லைன். பழைய வயர்மேன்கள் இன்னும் "த்ரீ பை ட்வென்டி" என்று கேட்பார்கள், அது இருபதாம் கேஜ் கம்பி மூன்று, கணக்குப் போட்டால் 2 ஸ்கொயர் எம்எம் கூட வராது. அதனால் கடையில் எப்போதும் ஸ்கொயர் எம்எம்மில் கேளுங்கள்.

எம்சிபி இருப்பது ஒயரைக் காப்பாற்ற. அது அடிக்கடி விழுகிறது என்று 16ஐக் கழற்றிவிட்டு 32 மாட்டினால், அடுத்து சுவருக்குள் ஒயர்தான் வேகும். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

ஒயர் பல இழைச் செம்பு, எஃப்ஆர்-எல்எஸ்ஹெச் ரகம். தீப்பிடித்தால் புகை குறைவாக வரும் என்பதால் விலை கூடினாலும் அதையே வாங்கினேன். கம்பெனிப் பெயரைவிட ஒயர் மேலேயே ஐஎஸ் 694 என்றும் ஐஎஸ்ஐ முத்திரையும் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மிச்சம் கிடந்த கலரை வைத்து ஒப்பேற்ற விடாதீர்கள், பத்து வருஷம் கழித்து வேறொருவர் அந்தப் போர்டைத் திறப்பார்.

எர்த்

மெஷினில் கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கத்தான் எர்த். கொல்லையில் பழைய எர்த் குழியைத் தோண்டினால் ஜிஐ பைப் மேலே ஓரடிக்குக் கையிலேயே உதிர்ந்தது. அம்மாவுக்கு ஷாக் அடித்த காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. நம் ஊர்க் கடல் காற்றும் உப்புத் தண்ணீரும் இரும்பைச் சும்மா விடாது. உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போடும் பழைய முறை இங்கே வேண்டாம் என்பது என் கருத்து, மண்ணிலேயே உப்பு இருக்கிறது, பைப்பைச் சீக்கிரம் தின்றுவிடும். செம்பு பூசிய ராடும் ஈரம் பிடித்து வைக்கும் பெண்டோனைட் மண்ணும் போட்டோம், தள்ளித் தள்ளி இரண்டு குழி. எர்த் டெஸ்டரில் 1.8 ஓம் காட்டியது, இது குறையக் குறைய நல்லது.

இன்னொன்று. 2011 டிசம்பர் 30 தானே புயலில் அறுந்த ஒயரை அவசரத்துக்கு முறுக்கிக் கட்டியிருந்தார்கள், மீட்டருக்கு இந்தப் பக்கம், அலுமினியத்தோடு செம்பை நேராக. இப்போது திறந்தால் அந்த இடம் முழுக்க வெள்ளைப் பொடி. அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தில் பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு உள்ள இணைப்புத் துண்டு) கட்டாயம்.

டிபியும், என்னை மூன்று நாள் உட்கார வைத்த நியூட்ரலும்

மும்முனை வந்ததும் டிபியில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனி 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (அந்த அளவு கரண்ட் கசிந்தாலே லைனை அணைக்கும் சுவிட்ச்) வைத்தோம், ஒன்று விழுந்தாலும் மற்ற அறைகளில் கரண்ட் இருக்கட்டும் என்று. இரண்டு ஏசியும் வேறு வேறு ஃபேஸில். ஒரு சுவிட்ச் போர்டுக்குள் ஒரே ஃபேஸ்தான் வர வேண்டும், ஏனென்றால் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் 400 வோல்ட் இருக்கும்.

எல்லாம் முடித்து சுவிட்சைப் போட்டால் ஹால் ஃபேன் ஓடிய நொடியில் இரண்டு ஆர்சிசிபி சேர்ந்து விழுந்தன. ஆர்சிசிபியே கெட்டது என்று வயர்மேன் அண்ணன் ஒன்றை மாற்றினார், மறுபடியும் அதேதான். விஷயம் இதுதான்: ஆர்சிசிபி, ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்க்கிறது. எங்கள் பழைய வீட்டில் நியூட்ரலை அறைக்கு அறை லூப் அடித்திருந்தார்கள். சிவப்பு ஃபேஸில் போன கரண்ட் மஞ்சளுடைய நியூட்ரல் வழியாகத் திரும்பினால் இரண்டுக்கும் கணக்கு இடிக்கும், இரண்டும் விழும். 75 வாட்ஸ் ஃபேன் என்றாலே 300 மில்லிஆம்பியருக்கு மேல், விழாமல் என்ன செய்யும்?

கண்டுபிடிக்கும் முறை: வெளியே மெயினை அணைத்து, எல்லா ஆர்சிசிபியையும் எம்சிபியையும் இறக்கி, கரண்ட் இல்லை என்று லைன் டெஸ்டர் வைத்து உறுதி செய்த பிறகு, மூன்று நியூட்ரல் பாருக்கும் (ஒவ்வொரு ஃபேஸின் நியூட்ரல் ஒயர்களும் சேரும் பட்டை) நடுவே மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பாருங்கள். பீப் அடித்தால் எங்கோ ஒரு போர்டில் இரண்டு நியூட்ரல் சேர்ந்திருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் பாருங்கள், அங்கேயும் பீப் வரக் கூடாது. எங்களுக்கு ஹால் போர்டில் ஒன்று, சமையலறையில் ஒன்று கிடைத்தது, பிரித்தோம்.

அப்புறமும் ராத்திரியில் விழுந்தது. மல்டிமீட்டரில் சத்தமே இல்லை, எல்லாம் சுத்தம். மூன்றாம் நாள்தான் பிடிபட்டது: மாடிப்படி விளக்கு. கீழ் சுவிட்சுக்கு ஃபேஸ் ஹாலிலிருந்து, நியூட்ரல் மட்டும் மாடி அறையிலிருந்து. நியூட்ரல்கள் ஒன்றோடொன்று தொடவில்லை, நடுவில் பல்பு இருக்கிறது, அதனால் மீட்டர் காட்டாது. விளக்கைப் போட்டால்தான் தெரியும், 9 வாட்ஸ் எல்இடியே 39 மில்லிஆம்பியர். டூ-வே சுவிட்ச் (ஒரே விளக்கை மேலும் கீழும் இரண்டு இடத்திலிருந்து போடுவது) உள்ள வீடு என்றால் முதலில் அந்த விளக்கைச் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக மெகர், ஒயரின் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. 500 வோல்ட்டில் ஒவ்வொரு லைனும் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். சோதிக்கும் முன் பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், டிவி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மெகரை வயர்மேனிடம் கேளுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர், இன்வெர்ட்டர் சேர்த்த பிறகு விழுகிறது என்று எழுதினார். இன்வெர்ட்டர் வழியாக ஃபேஸ் மட்டும் எல்லா அறைக்கும் போயிருக்கிறது, நியூட்ரல் அந்தந்த அறையின் பாரிலேயே நின்றுவிட்டது. இன்வெர்ட்டருக்குக் கரண்ட் தரும் ஆர்சிசிபி எதுவோ, இன்வெர்ட்டரில் ஓடும் எல்லா விளக்கு, ஃபேனின் நியூட்ரலும் அந்தப் பாருக்கே வர வேண்டும். மாற்றிய பிறகு நின்றுவிட்டதாம்.

நியூட்ரல் லூசானால் என்ன ஆகும் என்று இன்னொருவர் கேட்டார். மும்முனையில் மெயின் நியூட்ரல் விட்டுப்போனால் ஏதாவது ஒரு ஃபேஸில் 230க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறி டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் புகையும். கடலோரத்தில் ஸ்க்ரூ சீக்கிரம் துருப்பிடிக்கும், வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், வயர்மேனைக் கூப்பிட்டு நியூட்ரல் ஸ்க்ரூக்களை இறுக்கச் சொல்லுங்கள். அப்படியே ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை நீங்களே அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அம்மாதான் அழுத்துகிறார்கள்.