டர்போ சி++ இன்ஸ்டாலர் ஓடவில்லையா? கையாலேயே நிறுவும் முறை

விண்டோஸ் 10 அல்லது 11 கணினியில் போர்லாண்ட் நிறுவனத்தின் பழைய சி, சி++ கம்பைலரான டர்போ சி++ 3.0-இன் இன்ஸ்டால் கோப்பை இரட்டை கிளிக் செய்தால், திரையின் குறுக்கே நீலப் பட்டை ஒன்று வந்து, இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது என்று சொல்லிவிடும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து வேறு தளத்தில் மறுபடி பதிவிறக்குவதில் பயனில்லை. அது டாஸ் என்ற, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளத்துக்கான 16 பிட் புரோகிராம். 32 பிட் விண்டோஸில் இத்தகைய புரோகிராம்களை ஓட்ட என்டிவிடிஎம் என்ற ஒரு பகுதி இருந்தது. 64 பிட் விண்டோஸில் அது கிடையாது. என்டிவிடிஎம் நம்பியிருந்த மெய்நிகர் 8086 நிலை (பழைய 8086 சிப்பைப் போல பிராசஸர் நடந்துகொள்ளும் நிலை), பிராசஸர் 64 பிட்டில் ஓடும்போது கிடைக்காது என்பதே காரணம். அதனால் கம்பேட்டிபிலிட்டி மோடு, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் எதுவும் இங்கே உதவாது. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது.

நல்ல செய்தி, அந்த இன்ஸ்டாலர் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ரெஜிஸ்ட்ரியில் எதையும் எழுதாது, சிஸ்டம் ஃபோல்டரில் எந்தக் கோப்பையும் போடாது. சுருக்கிக் கட்டிய கோப்புகளை விரித்து ஒரு ஃபோல்டரில் வைக்கும்; அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று கம்பைலரின் அமைப்புக் கோப்பில் குறித்துவைக்கும். இந்த இரண்டையும் நாமே செய்துவிடலாம். முதலாவது சுலபம். இரண்டாவதில்தான் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்கிறார்கள்.

தொடங்கும் முன் ஒரு கேள்வி: டர்போ சி உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா? சி மொழியைப் புதிதாகக் கற்கிறீர்கள் என்றால் வேண்டாம். ஜிசிசி கம்பைலரும் கோட் பிளாக்ஸ் என்ற எடிட்டரும் போதும். கல்லூரி லேப் ரெக்கார்டில் கோனியோ.எச், கிராஃபிக்ஸ்.எச் என்ற டர்போ சி-யின் தலைப்புக் கோப்புகளை வைத்து எழுதிய புரோகிராம்களை அப்படியே ஓட்டிக் காட்ட வேண்டும், அல்லது பழைய டாஸ் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்க வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

தேவையானவை

டாஸ்பாக்ஸ் 0.74-3: டாஸ் கணினியைப் போலவே நடிக்கும் இலவச மென்பொருள். அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

டர்போ சி கோப்புகள்: டர்போ சி 2.01, டர்போ சி++ 1.01 ஆகிய பழைய பதிப்புகளை போர்லாண்ட் நிறுவனமே இலவசமாக வெளியிட்டது. 3.0 அந்தப் பட்டியலில் இல்லை. உங்களிடமோ கல்லூரியிடமோ உள்ள பிரதியைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே டர்போ சி ஓடும் லேப் கணினி இருந்தால் அதிலுள்ள ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்தால் போதும், விரிக்கும் வேலையே இல்லை. யாரோ கட்டிக்கொடுத்த விண்டோஸ் செட்டப் பாதியில் நின்றுபோனால், அதை 7-ஜிப் என்ற கோப்பு விரிக்கும் மென்பொருள் வைத்துத் திறந்து பாருங்கள். பல செட்டப்களில் உள்ளே இருக்கும் ஃபோல்டரை நேரடியாக வெளியே எடுத்துவிடலாம்.

கையில் இருப்பவை மூல ஃபிளாப்பிகளின் இமேஜ் கோப்புகளா? அவற்றையும் 7-ஜிப்பில் திறந்து, எல்லா ஃபிளாப்பிகளின் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். பிறகு டாஸ்பாக்ஸில் அந்த ஃபோல்டரை ஏ டிரைவாக, ஃபிளாப்பி வகை என்று குறிப்பிட்டு மவுண்ட் செய்து (அதாவது டிரைவாக இணைத்து), மூல இன்ஸ்டாலரை அங்கேயே ஓட்டலாம். 64 பிட் விண்டோஸ் மறுத்ததை டாஸ்பாக்ஸ் ஏற்கும். அடுத்த ஃபிளாப்பியைக் கேட்டால் என்டர் தட்டுங்கள். வேண்டிய கோப்பு ஏற்கெனவே அதே இடத்தில் இருக்கிறது.

ஃபோல்டர் அமைப்பு

விண்டோஸின் சி டிரைவில் டாஸ்சி என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் திறக்கவும். பெயர் எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காதீர்கள். அங்கே எழுதுவதற்கு விண்டோஸ் அனுமதி கேட்கும். அமைப்பைச் சேமிக்க முடியாமல் போகும். டாஸ்சி-க்குள் டிசி (டர்போ சி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்), வொர்க் என்று இரண்டு ஃபோல்டர்கள். டிசி-க்குள் பின், இன்க்ளூட், லிப், பிஜிஐ ஆகிய நான்கும் இருக்க வேண்டும். பின் ஃபோல்டரிலிருந்து டிசி.இஎக்ஸ்இ-ஐ மட்டும் எடுத்தால் ஓடாது; முழு ஃபோல்டரும் வேண்டும். இன்க்ளூட்டுக்குள் சிஸ் என்ற உள் ஃபோல்டர் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். சிடியிலிருந்து நகலெடுத்திருந்தால் டிசி ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் ரீட்-ஒன்லி குறியை நீக்குங்கள்.

டாஸ்பாக்ஸில் இணைப்பது

கீழே உள்ள கட்டளைகள் தமிழ் எழுத்தில், ஒலிப்பின்படி தரப்பட்டுள்ளன. தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டவும். டாஸ்பாக்ஸைத் திறந்ததும் இசட்:\> என்று காத்திருக்கும். அங்கே வரிசையாக:

மவுண்ட் சி சி:\டாஸ்சி
சி:
செட் பாத்=இசட்:\;சி:\டிசி\பின்
சிடி \வொர்க்
டிசி

முதல் வரிக்குப் பிறகு, சி டிரைவ் இணைக்கப்பட்டது என்ற செய்தி வர வேண்டும். விண்டோஸின் முழு சி டிரைவையும் மவுண்ட் செய்ய வேண்டாம். டாஸ்பாக்ஸே அதற்கு எச்சரிக்கை தரும்; உள்ளே ஒரு தவறான டெலீட் கட்டளை உங்கள் உண்மையான கோப்புகளை அழித்துவிடும். வொர்க் ஃபோல்டரிலிருந்து தொடங்குவது, நீங்கள் எழுதும் புரோகிராம்கள் பின் ஃபோல்டருக்குள் போய்க் குவியாமல் இருப்பதற்காக.

ஒவ்வொரு முறையும் இதைத் தட்ட வேண்டியதில்லை. ஸ்டார்ட் மெனுவில் டாஸ்பாக்ஸ் ஆப்ஷன்ஸ் என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் அமைப்புக் கோப்பு நோட்பேடில் வரும். கடைசியில் ஆட்டோஎக்ஸெக் என்ற பகுதிக்குக் கீழே இந்த ஐந்து வரிகளையும் ஒட்டிச் சேமித்தால் போதும். எழுத்து மிகச் சிறிதாகத் தெரிந்தால் அதே கோப்பில் அவுட்புட் என்பதை ஓபன்ஜிஎல் என்றும், விண்டோரெசல்யூஷன் என்பதை 1280x800 என்றும் மாற்றுங்கள். அவுட்புட் சர்ஃபேஸ் என்றே இருந்தால் இரண்டாவது மாற்றம் வேலை செய்யாது.

பாதைகள்: இங்கேதான் கவனம்

இப்போது உங்களிடம் இரண்டு சி டிரைவ்கள் இருக்கின்றன. விண்டோஸுக்கு அந்த ஃபோல்டர் சி:\டாஸ்சி\டிசி. டாஸ்பாக்ஸுக்குள் அதுவே சி:\டிசி. டர்போ சி டாஸ்பாக்ஸுக்குள் வாழ்கிறது, டாஸ்சி என்ற பெயரே அதற்குத் தெரியாது. ஆகவே அதற்குச் சொல்லும் ஒவ்வொரு பாதையும் டாஸ்பாக்ஸின் கண்ணால் பார்த்த பாதையாக இருக்க வேண்டும். வேறு கணினியிலிருந்து எடுத்த ஃபோல்டரில் பழைய கணினியின் பாதைகளே பதிந்திருக்கும். அங்கே டர்போசி3 என்ற பெயரில் இருந்திருந்தால் இங்கும் அதே பெயரை வைத்துக்கொள்வது ஒரு குறுக்குவழி.

ஆப்ஷன்ஸ் மெனுவில் டைரக்டரீஸ் திறக்கவும். இன்க்ளூட் கட்டத்தில் சி:\டிசி\இன்க்ளூட், லைப்ரரி கட்டத்தில் சி:\டிசி\லிப். அவுட்புட் கட்டத்தைக் காலியாக விடலாம். ஓபிஜே, இஎக்ஸ்இ கோப்புகள் நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலேயே விழும். பிறகு ஆப்ஷன்ஸ் மெனுவின் சேவ். இதை மறந்தால் அடுத்த முறை திறக்கும்போது பழைய பாதைகளே நிற்கும்.

பிழைச் செய்தியைப் பார்த்தே எந்தக் கட்டம் தவறு என்று சொல்லிவிடலாம். எஸ்டிடிஐஓ.எச் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றால் இன்க்ளூட் பாதை. கம்பைல் ஆகி, லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் புரோகிராம்) வந்து சி0எஸ்.ஓபிஜே கோப்பைத் திறக்க முடியவில்லை என்றால் லைப்ரரி பாதை. சி0எஸ் என்பது ஸ்மால் மெமரி மாடலுக்கான (புரோகிராம் நினைவகத்தைப் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று) தொடக்கக் கோப்பு. ஒவ்வொரு மாடலுக்கும் இப்படி ஒன்று உண்டு. பாதை சரியாக இருந்தும் இந்தப் பிழை வந்தால், லிப் ஃபோல்டரைத் திறந்து அந்தக் கோப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அரைகுறையாக விரித்த பொதிகளில் இது விடுபட்டிருக்கலாம்.

ஐடிஇ (மெனுக்களோடு வரும் எடிட்டர் திரை) இல்லாமல் டிசிசி என்ற கட்டளைவரிக் கம்பைலரைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த மெனு உதவாது. பின் ஃபோல்டரில் டர்போசி.சிஎஃப்ஜி என்ற உரைக் கோப்பு வேண்டும். முதல் வரியில் கழித்தல் குறி, பெரிய ஐ, அதை ஒட்டி இன்க்ளூட் பாதை. இரண்டாம் வரியில் கழித்தல் குறி, பெரிய எல், அதை ஒட்டி லிப் பாதை. நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் ஏஎன்எஸ்ஐ என்று இருக்கட்டும். பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ட்ரோல்+எஃப்9 ஆபத்து

டர்போ சி-யில் புரோகிராமை ஓட்ட கண்ட்ரோல்+எஃப்9 என்று விரல்களுக்கே பழகியிருக்கும். டாஸ்பாக்ஸில் அதே விசைகளுக்கு, உடனே மூடிவிடு என்று பொருள். கேள்வி கேட்காது. ஜன்னல் மறைந்துவிடும், சேமிக்காத புரோகிராம் போய்விடும். முதல் நாளே இதை மாற்றிவிடுங்கள். டாஸ்பாக்ஸில் கண்ட்ரோல்+எஃப்1 தட்டினால் விசைப்பலகைப் படம் ஒன்று வரும். கீழே ஷட்டவுன் என்ற பொத்தானைக் கிளிக் செய்து, டெல் அழுத்தி, சேவ், பிறகு எக்ஸிட். மாற்றும்வரை ஆல்ட்+ஆர் தட்டி ரன் மெனு வழியாக ஓட்டுங்கள். எதற்கும் ஓட்டும் முன் எஃப்2 தட்டிச் சேமிப்பது நல்லது.

மவுஸ் உள்ளே சிக்கினால் கண்ட்ரோல்+எஃப்10. வேகம் போதவில்லை என்றால் கண்ட்ரோல்+எஃப்12 சில முறை, குறைக்க கண்ட்ரோல்+எஃப்11. தலைப்புப் பட்டையில் எண் மாறுவது தெரியும். விண்டோஸ் பக்கத்திலிருந்து வொர்க் ஃபோல்டரில் போட்ட கோப்பு உள்ளே தெரியவில்லை என்றால் கண்ட்ரோல்+எஃப்4.

சோதித்துப் பார்க்க

இன்ட் எத்தனை பைட் என்பதை சைஸ்ஆஃப் வைத்து அச்சிடும் நான்கு வரிப் புரோகிராம் எழுதி ஓட்டுங்கள். ஆல்ட்+எஃப்5 தட்டினால் வெளியீட்டுத் திரை தெரியும். விடை 2 என்று வர வேண்டும். 4 வந்தால் நீங்கள் ஓட்டியது டர்போ சி அல்ல, வேறு கம்பைலர். இந்த 2 பைட்டை நினைவில் வையுங்கள்: இன்ட்டின் உச்சம் 32767 மட்டுமே. 8-இன் ஃபேக்டோரியல் 40320 என்பதால் அதுவே எதிர்மறை எண்ணாக வந்து நிற்கும். லாங் பயன்படுத்த வேண்டும்.

பிரிண்ட்எஃப்-க்கு புரோட்டோடைப் வேண்டும் என்று பிழை வந்தால், கோப்பு சிபிபி என்ற பின்னொட்டுடன் இருப்பதால் சி++ விதிகள் அமலாகின்றன. எஸ்டிடிஐஓ.எச் சேருங்கள், அல்லது டாட் சி என்று சேமியுங்கள். மறுபுறம், இன்றைய பாணியில் யூசிங் நேம்ஸ்பேஸ் என்று எழுதினால் இந்தக் கம்பைலருக்குப் புரியாது. 1998-இல் வந்த சி++ தரத்துக்கு முந்தையது இது, ஐஓஸ்ட்ரீம்.எச் என்றே எழுத வேண்டும்.

கிராஃபிக்ஸ் புரோகிராம்களுக்கு இரண்டு கூடுதல் வேலைகள். இனிட்கிராஃப் (கிராஃபிக்ஸைத் தொடங்கும் ஃபங்ஷன்) தெரியாத குறியீடு என்று லிங்கர் சொன்னால், ஆப்ஷன்ஸ், லிங்கர், லைப்ரரீஸ் சென்று கிராஃபிக்ஸ் லைப்ரரியை டிக் செய்யுங்கள். லிங்க் ஆகி, ஓடும்போது, கிராஃபிக்ஸ் தொடங்கப்படவில்லை என்ற பிஜிஐ பிழை வந்தால் இஜிஏவிஜிஏ.பிஜிஐ கோப்பு அதற்குக் கிடைக்கவில்லை. இனிட்கிராஃபின் மூன்றாம் மதிப்பில் பாதையை சி:\\டிசி\\பிஜிஐ என்று இரட்டைச் சாய்கோட்டுடன் தரவும். ஒற்றைக் கோடு போட்டால் சி மொழி அதை அடுத்த எழுத்தோடு சேர்த்துச் சிறப்புக் குறியாக எடுத்துக்கொள்ளும். \டி என்பது டேப் ஆகிவிடும், பாதை உடைந்துவிடும். அல்லது அந்த பிஜிஐ கோப்பை வொர்க் ஃபோல்டரில் நகலெடுத்து, மூன்றாம் மதிப்பை வெற்று மேற்கோளாக விடலாம்.

எல்லாம் ஓடியதும் டாஸ்சி ஃபோல்டரை ஜிப் செய்து, டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பையும் சேர்த்து எடுத்துவையுங்கள். அடுத்த கணினியில் டாஸ்பாக்ஸை நிறுவி, அதே இடத்தில் விரித்து, ஆட்டோஎக்ஸெக் வரிகளை ஒட்டினால் போதும். ஷட்டவுன் விசையை மட்டும் அங்கேயும் ஒருமுறை நீக்கிவிடுங்கள்.